கரித்துணியும் கட்டுத்துணியும்

போன ஆடி மாதத்தில் ஒரு நாள், என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு புகார் எழுத உட்கார்ந்தேன். எழுதியும் முடித்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பவிடாமல் என் கையைப் பிடித்து நிறுத்தியது ஒரு டாக்டரம்மாள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை உங்கள் காதிலும் போட்டுவைக்கத்தான் இந்த வாரத்துப் பக்கம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, இராஜபாளையத்தில் நாத்தனார் வீட்டையும் ஒரு நடை பார்த்து வருவது என்று ஏற்பாடு. பெரியவர்கள் ஐந்து பேர், குழந்தைகள் இரண்டு. வழியில் பசித்தால் இருக்கட்டுமென்று காலை நாலு மணிக்கே எழுந்து தேங்காய் சாதம் கிளறி, ஆவி பறக்கப் பறக்க ஒரு பெரிய டப்பாவில் அமுக்கி அடைத்து மூடி எடுத்துக்கொண்டேன். ஆனால் நாத்தனார் விடுவாளா? மத்தியானம் வடை பாயசத்தோடு விருந்து. டப்பா திறக்கப்படாமலே இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தைகள், "அம்மா, பசிக்கிறது" என்றன. வீணாக்குவானேன் என்று டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்தேன்.

ஐந்தரை மணிக்கு இராஜபாளையம் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் ஏழு பேரும் டிபன் சாப்பிட்டோம். தோசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேஜை துடைக்கிற துணி இருக்கிறதே! ஒரு காலத்தில் அது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். சிப்பந்தி அதே துணியால் எங்கள் மேஜையைத் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் கொட்டியிருந்த சாம்பாரைத் துடைத்தார். அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரமாயிருந்த ஒரு தட்டையும் அதே துணியால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் முன்னால் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கைப்பேசியில் அந்தத் துணியைப் படம் பிடித்துக்கொண்டேன்.

தே. கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் சின்னவனுக்கு வாந்தி. மதுரைக்கு வந்து சேருவதற்குள் நாலு தடவை. வீட்டு வாசலில் இறங்கியதும் கொழுந்தனாரின் பெண்ணும் ஆரம்பித்துவிட்டாள். நேரே டாக்டர் வீட்டுக்குப் போனோம். வராந்தாவில் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் புகாரை எழுதினேன். "உங்கள் ஓட்டல் என் குழந்தையை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தது" என்கிற ரீதியில், கோபம் வந்த தாயார் எப்படி எழுதுவாளோ அப்படி. துணியின் படமும் கூடவே.

டாக்டரம்மாள் குழந்தைகளைப் பார்த்தார். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, "இன்றைக்கு யார் யார், என்னென்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். எழுத எழுத எனக்கே புரிந்துவிட்டது. நாத்தனார் வீட்டு விருந்தை ஏழு பேரும் சாப்பிட்டிருந்தோம். ஓட்டல் டிபனும் ஏழு பேரும். தேங்காய் சாதம் மட்டும் இரண்டே பேர். வாந்தி எடுத்ததும் அந்த இரண்டே பேர்.

"சோதனை செய்து பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் ஏழு பேர் உட்கார்ந்த மேஜையைக் காட்டிலும், இரண்டு பேர் சாப்பிட்ட டப்பாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம்" என்றார் டாக்டரம்மாள்.

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். சாதம் வடிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம். அரிசியில் பாஸில்லஸ் ஸீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்துக்கள் சாதாரணமாகவே இருக்கும். உலையில் கொதித்தாலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. சாதம் நல்ல சூடாக இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். வெதுவெதுப்பு நிலைக்கு வந்து, அப்படியே பல மணி நேரம் இருந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியை உண்டுபண்ணும். இன்னொரு சங்கதி: மறுபடி சூடாக்கினாலும் அது போகாது! "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே" என்று நாம் சொல்லிக்கொள்கிற சமாதானம் இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

ஆவி பறக்க அமுக்கி மூடிய என் டப்பா, நாள் முழுவதும் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கிறது. கிருமிக்கு நான் கட்டிக்கொடுத்த பங்களா! உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் இருக்கும் சூடு ஆபத்தான சூடு. சமைத்த பண்டத்தை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நானோ பன்னிரண்டு மணி நேரம் வைத்திருக்கிறேன்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கிருமியின் பெயர் தெரியாது. ஆனால் தூரப் பயணத்துக்குக் கட்டுச்சாதம் என்றால் புளியோதரைதான் கட்டினார்கள். தேங்காய் சாதம் கட்டவில்லை. புளிப்பு இருக்கிற இடத்தில் இந்தக் கிருமி அவ்வளவு சுலபமாகத் தலையெடுப்பதில்லை. அதையும் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். நமக்கு அவசரம், தாம்பாளமும் போயிற்று, ஆறவிடுகிற பொறுமையும் போயிற்று.

'அப்படியானால் ஓட்டல்காரர் தப்பித்துவிட்டாரா?' என்று கேட்பீர்கள். இல்லை. வாந்திக்கு அவர் காரணமில்லாமல் இருக்கலாம். துணி அழுக்கு என்பது அழுக்குத்தானே? இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதியதை அழித்துவிட்டேன். ஆனால் படத்தை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, ஓட்டல் சமையற்கட்டைப் பரிசோதிக்க வருகிற அதிகாரிகள் எதை எதைப் பார்ப்பார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். உங்களில் வயதான சிலருக்கு முனிசிபாலிடி சுகாதார இன்ஸ்பெக்டர் ஞாபகத்தில் இருப்பார். அந்த நாளில் நடைமுறையில் இருந்தது 1954ஆம் வருஷத்துக் கலப்படத் தடைச் சட்டம். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று கலப்படத்தைக் குறிவைத்த சட்டம் அது. 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் அதன் விதிகள் அமலாயின. இப்போது வருகிறவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவர் பண்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. பண்டம் பிறக்கிற இடத்தையும் பார்க்கிறார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பச்சை இறைச்சிக்கும் சமைத்த பண்டத்துக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிப் பலகை, தனித்தனி இடம் உண்டா என்று பார்ப்பார். குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா, சாக்கடை தேங்குகிறதா, எலியும் கரப்பானும் நடமாடிய அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பார். சமையல்காரரின் நகத்தைப் பார்ப்பார். கையில் புண் இருந்தால் மூடிக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். வடைச் சட்டி எண்ணெயையும் விடமாட்டார். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் முறிந்து கெடும் பொருள்கள் சேரும். அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பழைய செய்தித்தாளில் வடையைச் சுற்றிக் கொடுப்பதும் கூடாது. அச்சு மை எண்ணெயில் கரைந்து வடையோடு நம் வயிற்றுக்குள் போய்விடுகிறதே!

குறை இருந்தால் உடனே கடையைப் பூட்டிவிடுவார்களா? உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. சாதாரணக் குறையானால் முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ். அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம். திருத்தாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ரத்து செய்யலாம். பண்டத்தின் மேலேயே சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து நாலு பங்காகப் பிரித்து முத்திரை வைக்கிறார்கள். ஒரு பங்கு ஆராய்ச்சிச் சாலைக்குப் போகிறது. 14 நாளுக்குள் முடிவு வர வேண்டும். மற்றப் பங்குகள் பத்திரமாக இருக்கும். ஓட்டல்காரர் முடிவை ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி சோதிக்க வேண்டுமல்லவா? கோபத்தில் வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய என் புகாரையும் இந்த நாலு பங்கு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன்.

சட்டத்தில் இன்னும் ஒரு விதி இருக்கிறது: சமையலறையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வைத்தியப் பரிசோதனை, டைபாய்டு வகை ஜுரத்துக்குத் தடுப்பு ஊசி. 'ஆள் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான், இதெல்லாம் எதற்கு?' என்று தோன்றுகிறதா? மேரி மலன் என்ற சமையற்காரியின் கதையைக் கேளுங்கள்.

1906ஆம் வருஷம் நியூயார்க் பக்கத்தில் ஒரு பணக்காரக் குடும்பம் கோடைக்கு வீடு எடுத்துத் தங்கியது. வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார எஞ்சினீயர் துப்புத் துலக்க வந்தார். தண்ணீர் சுத்தம், பால் சுத்தம். கடைசியில் அவர் சமையற்காரியைத் தேடினார். மேரி அதற்கு முன் வேலை பார்த்த எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு வந்திருந்தது! மேரிக்கோ ஒரு தலைவலிகூடக் கிடையாது. நோயின் கிருமி அவள் உடம்பில் இருந்தது, நோய் இல்லை. சூடான சமையலில் கிருமி செத்துவிடும். ஆனால் அவள் கைப்பட்ட ஐஸ்கிரீமில் சாகவில்லை.

1907இல் அவளைப் பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தார்கள். இனிமேல் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததன் பேரில் 1910இல் விட்டார்கள். சலவை வேலை பார்த்தாள். அதில் சமையல் வேலை அளவுக்குக் கூலி இல்லை. 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு. விசாரித்தால், அங்கே வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவள் மேரிதான். மறுபடி தீவு. 1938இல் சாகும் வரையில் அங்கேயே இருந்தாள்.

அவளைப் பாவி என்று வைவது சுலபம். 'சமைக்காதே' என்று சொன்ன சர்க்கார், 'அப்படியானால் எதைக் கொண்டு சாப்பிடுவாய்?' என்பதற்குத் தக்க வழி செய்யவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கும் இது நமக்குப் பாடம். வயிற்றுப்போக்கு வந்த சிப்பந்தி ஒரு நாள் லீவு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலை இருந்தால், அவர் நோயோடுதான் வேலைக்கு வருவார். அந்தக் கையால்தான் நமக்குச் சட்னி பரிமாறுவார். கூலி பிடிக்காமல் லீவு கொடுப்பதும் ஓட்டல் சுகாதாரத்தில் ஒரு பாகம். நம் வீட்டில் வேலை செய்கிற அம்மாளுக்கும் இதே நியாயம்தான். ஜுரத்தோடு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இனி, சாப்பிடப் போகிற நீங்களும் நானும் செய்யக்கூடியது என்ன?

ஓட்டல் பில்லைப் பாருங்கள். உணவு லைசென்ஸ் அல்லது பதிவின் 14 இலக்க எண் அதில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. குறை கண்டால், தேதி, நேரம், சாப்பிட்ட பண்டம், பில் ஆகியவற்றோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள், ஊகித்ததை எழுதாதீர்கள். வாங்கிய பண்டத்தின் மேல் சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டிச் சர்க்கார் உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். சட்டத்தின் 40ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்காமல் திரும்புகிறவர் யார்? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று கடையில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. அந்தச் சீட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்ப்பதால்தான் அது பாலைப்போல அன்றைக்கே கெடாமல் இருக்கிறது. அதற்காக ஈரக் கரண்டியை விட்டு எடுத்துவிட்டு, பிறகு கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்த நாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். நானே இன்ஸ்பெக்டராக மாறி என் சமையலறைக்குள் நுழைந்தேன். ஐஸ் பெட்டியில் பச்சை மீன் மேல்தட்டில், மூடாத தயிர் கீழ்த்தட்டில். காய் நறுக்குகிற பலகையும் மீன் நறுக்குகிற பலகையும் ஒன்றே. மூன்று தடவை காய்ந்த அப்பள எண்ணெய் பாட்டிலில் பத்திரமாக இருந்தது. கடைசியாக, அடுப்பு மேடையின் ஓரத்தில் என் கரித்துணி. மேடை துடைப்பதும் அதனால்தான். பாத்திரம் இறக்குவதும் அதனால்தான். அவசரத்தில் கை துடைப்பதும் அதனால்தான். கைப்பேசியில் இருந்த ஓட்டல் துணியின் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்!

ஈரத் துணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈரம், உணவுத் துணுக்கு, சமையலறையின் வெப்பம் இந்த மூன்றும் சேர்ந்தால் சில வகைக் கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். இரவு ஒன்று இருந்தால் விடிவதற்குள் கோடியைத் தாண்டிவிடும். பரிகாரம் பெரிய செலவுமில்லை. மேடைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று எனத் தனித்தனித் துணி. தினம் இரவு கொதிநீரில் போட்டு அலசி, மறுநாள் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டியதுதான்.

பில்லில் இருந்த எண்ணுக்கு அன்றே போன் செய்தேன். முதலாளியே எடுத்தார். குழந்தைகளின் வாந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் பற்றி மட்டும் சொன்னேன். சண்டைக்குக் கிளம்பியிருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் குரல் உயர்ந்தது. "ஐயா, என் வீட்டுத் துணியும் அப்படித்தான் இருந்தது; இன்றைக்குத்தான் மாற்றினேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்:

"துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் அம்மா இது. நினைக்கத்தான் ஆளில்லை."

எவ்வளவு உண்மை! இராஜபாளையம் நூல் மில்களின் ஊர். பக்கத்திலேயே சத்திரப்பட்டி. புண்ணுக்குக் கட்டுகிற கட்டுத்துணி அங்கே தறி தறியாக நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. ஒரு கிருமியும் அண்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பயன்படுத்துகிற துணி அது. அதே பஞ்சு, அதே நூல்தான் நம் அடுப்படியில் கரித்துணியாகவும் கிடக்கிறது. புண் வந்த பிறகு கட்டுகிற துணிக்குக் கொடுக்கிற மரியாதையில் கால் பங்கையாவது, நோய் வராமல் காக்க வேண்டிய துணிக்கும் கொடுத்தால் என்ன?

குழந்தைகள் மறுநாளே எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். தேங்காய் சாதம் கேட்கிறார்கள். வீட்டில், சூட்டோடு, உடனே சாப்பிடுவதானால் உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, சகோதரி, ஒரு நடை உங்கள் சமையலறைக்குப் போய் அந்தத் துணியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது.